இருபத்தேழாவது மந்தி

இருபத்தேழு என்றால் இருபத்தேழுதான், இதில் கூட்டிச் சொல்ல எனக்கு என்ன வந்தது, ஒன்று அதிகமாக இருந்தால் எனக்கு யாராவது மாலை போடப் போகிறார்களா என்று நினைத்துக்கொண்டே மைல்கல்லிலிருந்து முப்பத்தோரு எட்டு நடந்து என் இடத்தில் வந்து நின்றேன். மணி ஆறு நாற்பது. மாசிக் குளிர் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. வலது பைக்குள் கையை விட்டு ஒரு தேயிலை விதையை எடுத்து, நெஞ்சைத் தொட்டாற்போலக் கொண்டுபோய் ஸ்வெட்டரின் இடது பையில் போட்டேன். வேலை தொடங்கியாச்சு. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன். மேலே ஓஸ் பாலம் தொங்கிக்கொண்டிருந்தது, நேற்றுப் போலவே, நாற்பது நாளாகத் தொங்குவது போலவே, ஈரமாக, யாரும் தொடாமல். தீயணைப்பு வண்டியில் போட்டுத் தேய்ந்துபோன தண்ணீர்க் குழாய், தட்டையாக, ஒரு சாண் அகலம். கீழ்ச் சோலையின் ஓர மரத்திலிருந்து ரோட்டுக்கு மேலே போய் மேல்சோலையின் ஓர மரத்தில் கட்டியிருக்கிறது. மொத்த வால்பாறையிலும் இந்த எஸ்டேட் ரோட்டில் மட்டும்தான் இரண்டு சோலையும் இவ்வளவு கிட்டே வந்து நிற்கின்றன. முன்பு கிளைக்குக் கிளை கைகோத்துக்கொண்டிருந்தது, மந்திகள் கீழே ரோடு ஒன்று இருப்பதே தெரியாமல் போய்வந்தன. ரோட்டை அகலமாக்கியபோது மூன்று மரம் போயிற்று. அன்றிலிருந்து இறங்கித்தான் கடக்கின்றன, வேன் வருகிற ரோட்டில், நம்மைப் போல இரண்டு பக்கமும் பார்க்கத் தெரியாமல். அதற்காகத்தான் இந்த ஓஸ். இன்று நாற்பத்தோராவது நாள். ஒன்றுகூட ஏறவில்லை. பத்து மணிக்கு ஆபீஸ் ஜீப் ஏணியோடு வரும், அவிழ்த்து எடுத்துப்போய் எட்டு கிலோமீட்டர் தள்ளி வேறு ரோட்டில் கட்டிவிடுவார்கள். மூன்று மணி இருபது நிமிஷம் இருக்கிறது.

இந்த இடத்தைச் சொன்னது நான். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள், அந்த முப்பத்தெட்டு வருஷத்தில் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை, யூனியன் கூட்டமானாலும் சர்ச் கூட்டமானாலும் கடைசி வரிசையில் தூண் பக்கம்தான் இந்தப் பரிபூரணம். ரிட்டையர் ஆகிப் பல வருஷம் கழித்து குரங்கு பார்க்கும் ஆபீஸில் காலை நேரத்துக் காவல் வேலை கிடைத்தது, வாய் பேச வேண்டாம், வண்டியை நிறுத்தக் கொடி பிடித்தால் போதும், எண்ணி எழுதினால் போதும் என்றார்கள், எனக்காகவே செய்த வேலை மாதிரி இருந்தது. அப்புறம் ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்து, பாலத்தை எங்கே கட்டலாம் என்று பெரிய சார் கேட்டார். ஒரு கை மேலே போயிற்று. அது என் கைதான் என்று தெரிந்தபோது எல்லோரும் திரும்பிவிட்டார்கள். மைல்கல்லுக்கு மேலே முப்பத்தோரு எட்டில் கட்டுங்க சார், மேல்சோலையில் வெடிப்பலா பூத்தால் அந்தப் பூவைத் தின்ன அங்கேதான் கடக்கும், இருபத்தேழும் கடக்கும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபத்தாறுதானே என்றார் சார் கணக்குத்தாளைப் பார்த்து. இருபத்தேழு சார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டம். கட்டினார்கள். நாற்பது நாளாக ஒன்றும் ஏறவில்லை என்றதும், எண்ணிக்கையிலேயே ஒன்று தவறுகிறவர்கள் சொன்ன இடம்தானே என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டிவரும்.

கீழே வளைவில் ஞானப்பன் வந்துவிட்டான். இங்கிருந்து நூற்று நாற்பது எட்டு. ஃபேக்டரியில் இலை காய வைக்கும் மிஷினில் இருந்தவன், அந்தச் சத்தத்தில் முப்பது வருஷம் கத்திக் கத்தியே பேசிப் பழகியவன், இப்போது குரங்கு பயப்படும் என்று மெதுவாகப் பேசச் சொன்னதால் அதற்கும் சேர்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான். ஓஸ் பாலம் என்று நாங்கள் சொல்வதை ஓசிப் பாலம் என்று முதல் நாளே மாற்றிவிட்டான். ஓசியில் கிடைத்தும் ஏறாத ஜென்மங்களை இங்கேதான் பார்க்கிறேன் என்பான். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஏறிவந்து, அக்கா, உங்க இருபத்தேழாவது குரங்கு இன்னிக்கு லீவா என்று கேட்பான். ஒருநாள் பொள்ளாச்சிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது என்றான். ஒருநாள் அதற்குப் பென்ஷன் வந்துவிட்டது என்றான். நான் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன், ஆனால் திரும்பி நடக்கும்போது சிரிப்பு வரும், தலையைக் குனிந்துகொள்வேன். இப்போதும் அங்கேயிருந்து இரண்டு கையையும் இரண்டு தடவை விரித்து, பிறகு ஏழு விரலைக் காட்டி, தோளைக் குலுக்குகிறான். எங்கே என்று அர்த்தம். போடா என்று நான் கொடியை அசைத்தேன்.

கூ என்று ஒரு சத்தம், கீழ்ச் சோலையின் உள்ளேயிருந்து, பஞ்சில் சுற்றியது போல. வந்துவிட்டார்கள். இந்தச் சத்தத்துக்கு எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது, பதினோரு மாதமாகக் கேட்டும். முதலில் இலை அசையும், காற்றில் அசைவது வேறு, இது வேறு, காற்று மரம் முழுவதையும் பிடித்து ஆட்டும், மந்தி ஒரு கிளையை மட்டும் இழுத்து விடும், விட்ட கிளை எழும்பி நிற்பதற்குள் அடுத்தது அசையும். அப்படி அசைந்து அசைந்து வருகிற கோட்டைப் பார்த்தாலே எது வருகிறது என்று சொல்லிவிடுவேன். வெளியூர் ஆட்கள் குரங்கு என்றதும் கோயில் குரங்கைத் தேடுவார்கள். இது சோலைமந்தி. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் பிடரி, குளிருக்கு மஃப்ளர் கட்டிய மாதிரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். உருவம் சின்னதுதான், தூக்கினால் ஒரு குடம் தண்ணீர் கனம்கூட இருக்காது. அதோ பலாமரத்துப் பட்டையை உரித்துப் பார்ப்பது ஒட்டுப்பல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருக்கிறேன். அதற்கு மேலே இரண்டு குட்டிகள் ஒரே வாலைப் பிடித்து இழுக்கின்றன, வாலுக்குச் சொந்தக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுக்கிளையில் ஒன்று கம்பளிப்பூச்சியைப் பிடித்துவிட்டது, பிடித்ததைச் சும்மா வாயில் போடாது, ஓர் இலையைப் பறித்து அதில் வைத்து உருட்டி உருட்டித் தேய்க்கும், முள் எல்லாம் போகிறவரைக்கும், பாத்திரம் தேய்ப்பது போல அவ்வளவு பொறுமை. தேய்த்துவிட்டு முகர்ந்து பார்த்தது. திருப்தி இல்லை. மறுபடி தேய்த்தது. எனக்கு இந்த மந்தியை ரொம்பப் பிடிக்கும். கொழுந்துக் கூடையில் ஒரு முற்றின இலை விழுந்தால் கையை விட்டுத் தேடி எடுத்துப் போடுகிறவள் நான், மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மந்திக்கு ஒன்றாக விதைகள் இடது பைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏழு, எட்டு. பனிக்குள்ளே வெயில் இறங்கி எல்லா இலையின் விளிம்பிலும் ஒரு கோடு போட்டது. ஒன்பது.

இருபத்தேழுக்கு முகம் சொல்லுங்கம்மா என்று தமயந்தி ஒருநாள் கேட்டது ஞாபகம் வந்தது. தமயந்தி ஆபீஸ் பெண், படிப்பு முடித்து இதற்கென்றே மலையேறி வந்தவள், மேடம் என்றால் கோபித்துக்கொள்வாள், அதனால் நான் ஒன்றும் சொல்லாமல் 'இந்தாம்மா' என்று ஆரம்பித்துவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினாள். மைனர், ஒட்டுப்பல், கிழிகாது, தேய்ப்பாள், வாலிழுக்கும் இரண்டு பேர், இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தேன். இருபத்தாறு வரை வந்தது. அப்புறம் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன், யாரோ ஒருத்தி இருக்கிறாள், நிச்சயமாக இருக்கிறாள், தினமும் விதை விழுகிறது, ஆனால் முகம் இல்லை. தமயந்தி பேனாவை மூடிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, நீங்க அந்தக் குட்டியை இன்னும் எண்ணுறீங்களோ என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஒருவேளை அப்படித்தானோ. அந்தக் குட்டி போன சித்திரையில் இதே ரோட்டில் அடிபட்டது, கிழிகாதின் குட்டி, முகம் இன்னும் ரோஸ் நிறமாக இருந்தது. கிழிகாது அதை விடவில்லை. ஒரு கையில் அணைத்துக்கொண்டு மூன்று காலில் ஏறினாள். ஒன்பது நாள் தூக்கிக்கொண்டு திரிந்தாள், ஈ விரட்டினாள், பேன் பார்த்தாள். ஒன்பது நாளும் நான் நோட்டை வைத்துக்கொண்டு நின்றேன், அதை எண்ணுவதா விடுவதா, தாய் இன்னும் கணக்கிலிருந்து எடுக்கவில்லையே, நான் எப்படி எடுப்பது என்று. பத்தாம் நாள் கை காலியாக வந்தாள். அன்றுதான் குறைத்தேன். குறைத்தேனா? குறைத்தேன், சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். ஆனால் பேனா குறைத்ததைக் கண் குறைக்காமல் இருந்திருந்தால்? அறுபத்தேழு வயதில் கண் இப்படியெல்லாம் செய்யுமா? இல்லாத குட்டிக்குத் தினமும் ஒரு விதை போட்டுக்கொண்டிருக்கிறேனா? சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம். எட்டு மணி பத்து. பதினான்கு.

எண்ணிக்கையில் நான் தப்பு செய்தது ஒரே ஒரு தடவை. பதினாறு வயது, புதிதாகப் பேர் பதிந்த வாரம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணித்தான் மலைக்கு அனுப்புவார்கள். எங்கள் வரிசையில் எனக்குத்தான் ஐந்தாம் வகுப்பு, அதனால் எண்ணிச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள். வரிசையின் முன்னால் நின்று எண்ணினேன், இருபத்துமூன்று என்றேன். கங்காணி ஏட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். சாயங்காலம் பேர் வாசித்தபோது என் பேர் இல்லை. கேட்டேன், அன்று வாய் இருந்தது எனக்கு. நீதானே இருபத்துமூன்று என்று சொன்னே, நீயே உன்னை எண்ணலையே, அப்புறம் நான் எதுக்கு எண்ணணும், நீ இன்னிக்கு வரலை என்றார். கூடையும் கையுமாக நிற்கிறேன், வரவில்லை என்கிறார். எல்லோரும் சிரித்தார்கள், ஒரு மாதம் வரைக்கும் என்னைக் கண்டால், என்னா பரிபூரணம், இன்னிக்கு வந்திருக்கியா என்று கேட்டார்கள். மறுநாளிலிருந்து எண்ண ஆரம்பிக்கும்போதே நெஞ்சைத் தொட்டு ஒன்று, அப்புறம்தான் அடுத்தவள். முப்பத்தெட்டு வருஷம். ஒருநாள்கூட ஏடு தப்பினதில்லை. அப்படிப்பட்ட கையைப் பார்த்து எண்ணத் தெரியாது என்கிறார்கள்.

எட்டே முக்காலுக்குக் கூட்டம் மொத்தமும் ஓர மரத்துக்கு வந்துவிட்டது. விதையை விட்டுவிட்டேன், கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேல்சோலையில் வெடிப்பலா பூத்திருக்கிறது, கிளையோடு ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக, இங்கே நிற்கும் எனக்கே வாசனை வருகிறது, அவர்களுக்கு வராதா. மைனர் முன்னால் வந்தான். பெரிய ஆண், பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு கிராமபோன் வாங்கினவன் போல நடப்பான், ஞானப்பன் வைத்த பேர். ஓஸ் கட்டின கிளையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தான், ஓஸைப் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்தான், அடிமரத்தைப் பிடித்து இறங்க ஆரம்பித்தான். இறங்காதே. வாய்க்குள் சொன்னேன். இறங்காதே ராசா, நாற்பத்தோரு நாள் ஆச்சு. வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. ஞானப்பன் நிறுத்துவான் என்று பார்த்தேன், அவன் கையை ஆட்ட ஆட்ட அந்த வேன் அவனைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது, சுற்றுலா வேன், பாட்டு வேறு. கால் தானாக ரோட்டின் நடுவே போய்விட்டது. கொடியை இரண்டு கையிலும் அகலமாகப் பிடித்து நின்றேன். பத்து அடியில் வேன் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, யம்மா, காலங்காத்தால சாகிறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா என்றான். அப்புறம் ஹார்னை அமுக்கினான். அந்தச் சத்தத்தில் மேலே எல்லாம் சிதறும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஹார்ன் அடிக்காதீங்க. பாட்ட நிறுத்துங்க. இன்னும் முடியல."

யார் பேசுகிறார்கள் என்று பார்த்தால் நான். உரக்கவும் இல்லை, ஆனால் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டான். அண்ணாந்தேன். ஹார்னுக்குப் பயந்து மைனர் மறுபடி மரத்தில் ஏறிவிட்டான், எல்லாம் வந்த வழியே உள்ளே போய்விட்டன, ஒன்றைத் தவிர. ஓஸ் முடிச்சுக்குப் பக்கத்தில் கிழிகாது உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் புதுக் குட்டி, மார்கழி மாதத்துக் குட்டி, ரோஸ் முகம் மட்டும் தெரிந்தது. கையை நீட்டி ஓஸைத் தொட்டாள், கையை எடுத்து முகர்ந்தாள். நாற்பத்தோரு நாள் வெயிலும் பனியும் பட்டு அதில் ரப்பர் வாசனை போய்ப் பாசி வாசனை வந்திருக்கும். மறுபடி தொட்டாள். ரோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் முகம் அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஒரு காலை வைத்தாள். ஓஸ் தாழ்ந்தது. அவள் நின்றாள், வாலை நேரே நீட்டினாள், அடுத்த காலை வைத்தாள், அப்புறம் யோசிக்கவில்லை, ஈரத் துணிக்கொடியில் எறும்பு போவது போலத் தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டே இருந்தாள், வேனுக்கு மேலே, எனக்கு மேலே, அந்தப் பக்கத்து இலைக்குள். ஒன்று என்று சொன்னேன், குட்டிக்கு இரண்டு என்றேன். விதை எடுக்கக் கை இல்லை, வாயாலேயே எண்ணினேன். அந்தப் பக்கமிருந்து அவள் கூ என்றாள். அவ்வளவுதான், இந்தப் பக்கம் மரமே அசைந்தது. மூன்று, நான்கு, வாலிழுக்கும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடின, ஐந்து ஆறு. தேய்ப்பாள் ஓஸின் நடுவில் நின்று அதைக் கையால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போனாள், ஏழு. மரத்தில் எண்ணும்போது ஒளிந்து ஒளிந்து காட்டும் முகங்கள் எல்லாம் வரிசையாக, பெரட்டுக்கு வந்தது போல ஒருவர் பின் ஒருவராக, என் தலைக்கு மேலே, வானத்தில் கறுப்பாக. வேனிலிருந்த குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தன. பத்தொன்பதில் ஆபீஸ் ஜீப், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, வந்து வேனுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்றது. தமயந்தி இறங்கி, வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். கடைசியில் மைனர், தான்தான் வழி காட்டினவன் போல. சரியாக வேனுக்கு நேர் மேலே உட்கார்ந்து கீழே பார்த்தான். பிறகு சாவகாசமாக ஒன்றுக்குப் போனான். கண்ணாடி முழுவதும் வழிந்தது. குழந்தைகள் சிரித்த சிரிப்பில் டிரைவரும் சிரித்துவிட்டான். இருபத்தாறு.

இருபத்தாறு. ஓஸ் ஆடி ஆடி நின்றது. இன்னொன்று வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கீழ்ச் சோலையில் ஓர் இலை அசையவில்லை. இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் கத்தரிக்கோல் வைத்தது போல இருந்தது. வாயால் எண்ணினேன், வரிசையாக எண்ணினேன், இதில் தப்பு வரவே வராது. அப்படியானால் ஒருத்தி இறங்கிவிட்டாளா, நான் அண்ணாந்து வாயைப் பிளந்து நின்ற நேரத்தில் என் காலடியிலேயே கடக்கப் பார்த்தாளா, வேனுக்கு அடியிலா? குனிந்து பார்த்தேன். முன் சக்கரம், பின் சக்கரம். ஒன்றும் இல்லை. ஓரத்துச் சாக்கடைக்கு ஓடினேன். டிரைவர் இறங்கிவந்து, என்னம்மா தேடுறீங்க என்றான். ஒண்ணு குறையுது என்றேன். அவன் உடனே குனிந்துவிட்டான், வேனிலிருந்தவர்கள் இறங்கினார்கள், பட்டுச்சேலை கட்டின ஓர் அம்மா தேயிலைச் செடியை விலக்கிப் பார்த்தாள், ஏணி கொண்டுவந்த இரண்டு பேரும் பார்த்தார்கள், தமயந்தி சாக்கடை விளிம்பில் முட்டி போட்டுக் கையை விட்டுச் சருகைக் கிளறினாள். பதினொரு பேர் தேடினார்கள். நான் மட்டும் என் இடத்துக்கு வந்து நின்றேன். இப்படிக் கலங்கினால் ஆகாது, முதலிலிருந்து வருவோம், முகம் முகமாக, விதையைப் போட்டு. இடது பையிலிருந்ததை எல்லாம் வலது பைக்கு மாற்றினேன். நிமிர்ந்து நின்றேன். ஒரு விதையை எடுத்தேன். கை நெஞ்சைத் தொட்டுக்கொண்டு இடது பைக்குப் போயிற்று. ஒன்று என்றது வாய். அப்புறம் கிழிகாது, இரண்டு.

கை அந்தரத்தில் நின்றுவிட்டது. எந்த ஒன்று? கிழிகாது இரண்டு என்றால் ஒன்று யார்? ஒரு விதை ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது, இடது பையின் மூலையில், தனியாக. விரலால் தொட்டுப் பார்த்தேன். மறுபடி என் கையைப் பார்த்தேன், நெஞ்சைப் பார்த்தேன். பதினோரு மாதம். தினமும் காலையில் முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டு, அப்புறம் மந்திகளை எண்ணி, ஒன்று கூட்டியே எழுதி, யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காமல். அந்தக் குட்டி இல்லை. அதை நான் ஒழுங்காகத்தான் குறைத்திருக்கிறேன், கண்ணும் குறைத்திருக்கிறது. முகம் தெரியாத ஒருத்தி. எப்படித் தெரியும், கண்ணாடியா கொண்டுபோனேன். வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி மேலே வந்தது, அழுகை என்று பயந்து வாயை மூடினேன், மூக்கு வழியாக வந்தது, சிரிப்பு. எங்கிருந்து இவ்வளவு சிரிப்பு வந்ததோ, முப்பத்தெட்டு வருஷம் தூண் பக்கத்தில் உட்கார்ந்து அடக்கினது எல்லாம் சேர்ந்து வந்ததோ, கொடியை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஆனால் பதினொரு பேர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பட்டுச்சேலைக்காரம்மா முள்ளில் சேலையை மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவர்களிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டுவிடலாமா, அதுவும் காட்டுக்குள் போயிருக்கும் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் பெரிய சார் கணக்குச் சரி, என் கணக்குத் தப்பு. தப்புத்தான். தப்பைத் தப்பு என்று எழுதாவிட்டால் அப்புறம் நோட்டு எதற்கு?

"போதும்மா, எந்திரி," என்றேன் தமயந்தியிடம். "கிடைச்சிருச்சு."

எங்கே, எங்கே என்று எல்லோரும் கிட்டே வந்தார்கள். மூச்சு வாங்க ஞானப்பனும் ஏறிவந்துவிட்டான், அந்த வேன்காரனைத் திட்டிக்கொண்டே. எல்லாம் கடந்துச்சா அக்கா, எத்தனை என்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இருபத்தாறு. மிச்சம் ஒண்ணு இங்க நிக்குது."

நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். விதையைக் காட்டினேன், பெரட்டுக்களத்தைச் சொன்னேன், இருபத்துமூன்றைச் சொன்னேன். தமயந்திக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சேறு அப்பிய கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான். ஞானப்பன் மைல்கல் வரை போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டான், தோள் குலுங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வால எங்கக்கா மறைச்சு வச்சிருக்கீங்க என்றான். தமயந்தி அங்கேயே நின்று பெரிய சாருக்கு போன் போட்டாள். இருபத்தாறும் ஓஸ் மேலேயே கடந்ததைச் சொன்னாள், பாலம் இங்கேதான் இருக்கணும் சார், அந்த ரோட்டுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம் என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, எண்ணிக்கையைப் பற்றிப் பரிபூரணம்மாவே உங்ககிட்ட பேசுவாங்க சார் என்று போனை என் கையில் கொடுத்துவிட்டாள். பேசினேன். நான்கு வாக்கியம். பெரிய சார் சிரித்தார், இடத்தை நீங்க சரியாத்தானேம்மா சொன்னீங்க என்றார்.

ஏணி அவிழாமல் ஜீப்பிலேயே திரும்பிப் போயிற்று. வேன் போயிற்று. மேல்சோலையில் வெடிப்பலாப் பூ உதிர்கிற சத்தம் கேட்டது, தின்பதை விடக் கொட்டுவதுதான் அதிகம். நோட்டைப் பிரித்தேன். மணி 8.52 முதல் 9.04 வரை, ஓஸ் வழியாக, இருபத்தாறு. பழைய பக்கம் எல்லாவற்றிலும் ஒன்று குறைக்க வேண்டும், முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம், சிவப்பு மை இரண்டு பேனா ஆகும். கையை என்ன செய்வது என்றும் யோசித்தேன். அது இனிமேல் மாறாது. மாற்றவும் மனசில்லை. நாளைக் காலையிலும் முப்பத்தோரு எட்டு நடந்துவந்து, முதல் விதையை நெஞ்சைத் தொட்டுப் போட்டுவிட்டுத்தான் அண்ணாந்து பார்ப்பேன். எழுதும்போது ஒன்று குறைத்து எழுதினால் போயிற்று.